தாழ்ப்பாள் பலகை

கொக்கி டீச்சரின் வலது சுட்டுவிரல் நடுக்கணுவில் மடங்கி அப்படியே நின்றுபோனது. அது அவள் புருஷன் செய்த வேலை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவது அவன் வழக்கம். ஒருநாள் காய்ச்சல் கொதிக்க, மாத்திரை வாங்க வேண்டும் என்று சொல்லி, கதவைச் சாத்த விடாமல் இடுக்கில் விரலை வைத்தாள். அவன் குனிந்து விரலைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சாத்தினான். அலறல் கேட்டுத் திறந்தவன், விரல் இன்னும் அங்கேயே இருப்பதைக் கண்டு மறுபடி ஓங்கிச் சாத்தினான். டாக்டரிடம் போனால் கேள்வி வரும் என்று ஒரு பழந்துணியைச் சுற்றிவிட்டான். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது.

விரல் ஆறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆறியதும், அவன் வெளியே போயிருந்த ஒரு பகலில் கரண்டிக் காம்பைத் தரையில் தேய்த்துத் தட்டையாக்கி, உள்பக்கம் இருந்த கீல்களின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கதவு மேலே சரிந்து அவள் முழங்காலைப் பதம் பார்த்தது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தவள், போகிற அவசரத்திலும் அந்த வெளித் தாழ்ப்பாளைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். அது எதற்கு என்று யாராவது கேட்டால், "அவனுக்கு விட்டுட்டு வர மனசு வரல" என்பாள்.

வேறு ஊரில் ஒரு பாலர் பள்ளியில் மூக்கு துடைக்கவும் கால் கழுவிவிடவும் ஆள் வேண்டியிருந்தது. பழைய அச்சுக்கூடம் ஒன்றின் முன்கூடம்தான் பள்ளி. சுவரின் மைக்கறை எத்தனை சுண்ணாம்பு பூசினாலும் எட்டிப் பார்க்கும். அங்கே ஆயாவாகச் சேர்ந்தாள். பள்ளியை நடத்திய அம்மாள், உடைந்த சாமான்களை அவள் ஒட்டித் தரும் நேர்த்தியைப் பார்த்துப் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வரும்போது டீச்சராக வந்தாள்.

குழந்தைகள் என்றதும் ஏதோ பூக்கூடையை நினைத்துக்கொண்டு உருகுகிறவர்கள் அந்தக் கூடத்தில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவன் இன்னொருவன் தோளைக் கடித்து ரத்தம் பார்ப்பான். மர உருளை ஒன்று பறந்து வந்து யாருடைய புருவத்தையாவது பிளக்கும். தண்ணீர் ஊற்றப் பழகும் குடுவையால் மண்டையில் ஊற்றிப் பழகுவார்கள். மூன்று வயதில் மனிதன் கையில் எது கிடைத்தாலும் முதலில் அடித்துப் பார்க்கிறான். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுப்பதுதான் டீச்சரின் பிழைப்பு. குழிகளில் இறக்கும் உருளைகள், கோக்கும் மணிகள், தடவிப் பார்க்க உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள், பொத்தான் மாட்டிப் பழகத் துணி கட்டிய சட்டம் என்று அலமாரி நிறையப் பொருள்கள் இருந்தன.

அந்தப் பொருள்களுக்கு விதிகள் உண்டு. டீச்சர் ஒரு தடவை செய்து காட்டுவாள், வாயே திறக்காமல். பேசினால் பிள்ளை வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. எதிரே உட்கார்ந்து காட்டக் கூடாது, வலம் இடமாகிவிடும். பக்கத்தில்தான் உட்கார வேண்டும். "தப்பு" என்று சொல்லவே கூடாது. உருளை குழியில் சேராது, பொத்தான் ஒன்று மிஞ்சும். பொருளே பிள்ளைக்குத் தப்பைக் காட்டிக் கொடுக்கும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் முதலில் இருந்தபடியே ஆக்கி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் பிள்ளைக்கு எல்லாம் முதலிலிருந்து கிடைக்க வேண்டும் அல்லவா. இந்தக் கடைசி விதியில் டீச்சர் கறார். பூட்டியதைத் திறந்தால் திரும்பப் பூட்டினால்தான் வேலை முடிந்தது.

பையில் கிடந்த தாழ்ப்பாளை ஒரு பலகையில் அறைந்து அவளே ஒரு பொருள் செய்தாள். பிறகு கொக்கிக்கு ஒரு பலகை, சங்கிலிக்கு ஒரு பலகை. பிள்ளைகள் பொம்மைகளை மறந்துவிட்டு அவற்றுக்கு அடித்துக்கொண்டார்கள். அதனாலும் விரலாலும் வந்த பட்டப்பெயர்தான் கொக்கி டீச்சர். வேடிக்கை என்னவென்றால், அவள் கை செய்வதை அச்சு அசலாகச் செய்யப் பழகிய பிள்ளைகள் சுட்டுவிரலையும் அவளைப் போலவே மடக்கிக்கொண்டார்கள். "எம்புள்ள சாப்பிடும்போதுகூட விரல மடக்குறான் டீச்சர்" என்று ஒரு தகப்பன் புகார் சொல்ல வந்தான். டீச்சர் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அவளுடைய பிள்ளைகளில் ஒருத்தியின் பெயர் சில்வண்டு. வாய் ஓயாத குழந்தைக்கு வைக்கிற பெயர். இவள் வாயே திறக்கமாட்டாள் என்பதால் கேலிக்கு வைத்தது. வயது நான்கு. வந்த புதிதில் ஒருநாள் துணிப்பொம்மையின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து அதன் முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லாமல், தினமும் பார்த்த வேலையைச் செய்கிறவள்போல நிதானமாகத் தேய்த்தாள். இப்படி ஒரு கையை டீச்சருக்குத் தெரியும்.

குழந்தையின் அப்பன் வெல்டர். தெருவில் அவனைப்போல நல்லவன் இல்லை என்று சத்தியம் செய்ய ஆள் இருந்தது. பள்ளியின் சறுக்குமரம் உடைந்தபோது கூலி வாங்காமல் பற்றவைத்துக் கொடுத்தான். தாழ்ப்பாள் பலகைகளைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே தன் பங்குக்கு ஒன்று செய்து கொண்டுவந்தான்.

"எங்க வீட்டு இரும்புக் கதவுல இருக்கிறதையே குட்டியா பண்ணியிருக்கேன் டீச்சர். கைப்பிடிய மேல தூக்கணும், வலப்பக்கம் இழுக்கணும், கீழ இறக்கணும். ஓரமெல்லாம் அரம் போட்டு மழுக்கிட்டேன், பிள்ளைங்க கையில கீறிடக் கூடாது பாருங்க."

பிள்ளைகள் கைக்கு அவ்வளவு பார்த்தவன், பெண்டாட்டியின் முன்பல்லை அதற்கு முந்தின வாரம்தான் உடைத்திருந்தான்.

டீச்சர் அதைத் தெரிந்துகொண்டது அவன் வீட்டு வாசலில். பெண்டாட்டி வெளியே வரக் கூடாது என்பது அவன் உத்தரவு. அதனால் டீச்சரே காலையில் வந்து குழந்தையை அழைத்துப்போய், பள்ளி விட்டதும் கொண்டுபோய் விடுவாள். கம்பிக் கதவின் மேல் விரல்கூட நுழையாத வலையை அடித்து வைத்திருந்தான். அந்த வலைக்குப் பின்னால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள் அவள். அடுத்தடுத்த நாள்களில் கண் வீங்கியது, காது கிழிந்தது. ஒருநாள் தோளைத் தூக்கவே முடியவில்லை. அக்கம்பக்கத்தார் காதில் விழாமலா இருந்தது? சத்தம் கேட்கும்போதெல்லாம் டிவியைக் கூட்டி வைத்தார்கள். டீச்சர் போலீஸுக்குப் போனாள். "புருஷன் பொண்டாட்டி சமாசாரத்துல நீங்க எதுக்கும்மா மூக்க நுழைக்கிறீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்கிறவன் வாயை ஒருநாளாவது கதவிடுக்கில் வைத்துச் சாத்த வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"உன் தங்கச்சி இருக்காள்ல, அங்க போயிடு" என்றாள் வலையின் வழியாக.

"தேடி வந்து வெட்டுவாரு அக்கா."

"இங்க இருந்தா மட்டும் என்ன, வெச்சுக் கொஞ்சப் போறானா? நான் கூட வரேன். பையில உனக்கும் பாப்பாவுக்கும் துணி எடுத்து வை, போதும்."

ரொம்ப நாள் சொல்லிச் சொல்லித்தான், ஒரு காலையில் டீச்சர் குழந்தையை அழைத்துப்போக வந்தபோது, அவள் தலையாட்டினாள். மறுநாள் காலை, அவன் பட்டறைக்குப் போனதும் கிளம்புவது என்று பேச்சு. குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் சாக்கில் டீச்சர் வருவாள், மூவரும் நேரே பஸ் ஏறுவார்கள். டீச்சர் போனதும் அவள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

அன்றே பட்டறையில் கரண்ட் போனது. டீச்சர் மதியம் சில்வண்டைக் கொண்டுபோய் விட்டபோது கதவைத் திறந்தவன் அவனே.

"வாங்க டீச்சர்" என்றான் சிரித்த முகமாக. குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டு தாழ்ப்பாளை நகர்த்தினான். எண்ணெய் போட்டு வழவழவென்று வைத்திருப்பான், சத்தமே எழாது. அவன் காலுக்குப் பின்னால், கூடத்தின் நடுவில், வாய் திறந்த பையும் சிதறிய சின்னச் சின்னச் சட்டைகளும் கிடந்தன. டீச்சர் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

தெருமுனைக்குப் போகுமுன் முதல் அலறல் வந்தது. ஓடி வந்து வலையைப் பிடித்து உலுக்கினாள். "டேய், விடுடா அவள" என்று கத்தினாள். உள்ளே அவன் பெண்டாட்டியின் மயிரைக் கையில் சுருட்டி அவள் முகத்தைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். சுவரில் சிவப்பாகத் திட்டு விழுந்திருந்தது. டீச்சரின் குரல் கேட்டதும் மயிரை விட்டான். மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து வந்து வலையில் அவள் முகத்துக்கு நேரே ஓங்கி அடித்தான். பிறகு குழாயின் நுனியைக் கதவோரம் நின்ற குழந்தையின் தலையில் மெல்ல வைத்தான்.

"இன்னொரு சத்தம் வந்துச்சு, இது மண்டையத்தான் உடைப்பேன்."

டீச்சர் வாயை மூடினாள். எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னலில் தெரிந்தாள். பட்டறைப் பக்கம் கை காட்டியதும் அவள் செருப்பில்லாமல் ஓடினாள். பட்டறை பக்கத்தில் இல்லை. உள்ளே அவன் குழாயோடு திரும்பிப் போய்விட்டான். கீழே கிடந்தவள் கட்டிலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். குழாய் அவள் முதுகில் இறங்கியது, ஈரத் துணியைக் கல்லில் அறையும் சத்தம் கேட்டது. அவன் கண்மண் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தான். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தாழ்ப்பாள் குழந்தையின் முகத்தருகே இருந்தது.

சில்வண்டு வலைக்கு அந்தப் பக்கம் நின்று டீச்சரையே பார்த்தாள். பள்ளியில் பாயில் உட்கார்ந்து பார்க்கும் அதே பார்வை.

டீச்சர் கையைத் தூக்கினாள். தூக்கியதும் உறைத்தது: எதிரே நின்று காட்டினால் இழுக்கும் பக்கம் மாறிவிடும். பக்கத்தில் உட்கார வழியில்லை. அதனால் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். உள்ளே ஒரு பெண்ணைக் கொல்கிறார்கள். இவள் தெருவைப் பார்த்துக்கொண்டு, தோளுக்கு மேல் கையை உயர்த்தி, காற்றில் இல்லாத கைப்பிடியை வளைந்த விரலால் தூக்கினாள். வலப்பக்கம் இழுத்தாள். கீழே இறக்கினாள். பள்ளியில் காட்டும் அதே நிதானத்தில் காட்டினாள். அவசரப்பட்டால் பிள்ளைக்குப் புரியாது. முதுகுக்குப் பின்னால் குழாய் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூடத் தன்னை மன்னித்திருப்பாள்.

திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாள் பூட்டியபடியே இருந்தது. குழந்தை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மோவாயைத் தூக்கி, டீச்சரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. சில்வண்டு திறந்திருக்கிறாள். சத்தமில்லாமல், ஒரு பிசகில்லாமல் திறந்திருக்கிறாள். திறந்துவிட்டு, கற்றுக்கொடுத்தபடியே திரும்பப் பூட்டி, முதலில் இருந்தபடி ஆக்கி, வேலையை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அப்போது அவன் குழாயை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். அதுவரை அடித்த அடியெல்லாம் உடம்பில். இது தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை.

டீச்சர் மறுபடி முதுகைக் காட்டி நின்றாள். தூக்கினாள். இழுத்தாள். இறக்கினாள். அங்கேயே நிறுத்தி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். வேலை இவ்வளவுதான், இங்கேயே முடிந்தது என்று கையால் சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படி ஒரு பாடத்தை அவள் எந்தப் பிள்ளைக்கும் காட்டியதில்லை. முதுகில் கதவு மெல்ல வந்து இடித்தது.

குழந்தையைத் தெருவுக்கு இழுத்துத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள். அவன் திரும்பி வீசிய வீச்சில் அவள் தோள் எலும்பு முறிந்தது. முறிந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் மணிக்கட்டைக் கவ்வினாள். இத்தனை வருஷம் தன் கையில் பல் பதித்த பிள்ளைகளிடம் கற்ற பாடம் அது. பல் எலும்பில் முட்டும்வரை விடவில்லை. குழாய் கீழே விழுந்தது. அவன் அவள் முகத்தில் குத்தினான், வயிற்றில் உதைத்தான். அவள் ரத்தத்தோடு அவன் சதையையும் துப்பிவிட்டு மறுபடி கவ்வினாள். அவன் பட்டறை ஆள்களே வந்து, அவனை முகம் குப்புறத் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார்கள்.

அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனாள்.

அவனைச் சிறைக்கு அனுப்பினார்கள். டிவியைக் கூட்டி வைத்தவர்கள் எல்லாம் கோர்ட்டில் கண்ணீர் விட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்குக் கை பரபரத்தது. கதவு திறக்க ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று வக்கீல் கேட்டபோது, "எனக்குச் சரியா காட்டத் தெரியல" என்று மட்டும் சொன்னாள். ஒரு தடவை திறந்து மூடியது பற்றி மூச்சுவிடவில்லை. அது தெரிந்தவர்கள் அவளும் அந்தக் குழந்தையும்தான். குழந்தைக்கு நினைவில்லாமல் போகட்டும், வளர வளர மறக்கட்டும், யாரும் சொல்லாவிட்டால் தெரியவா போகிறது என்று நினைத்தாள். அவளுக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

குழந்தையை அவள் சித்தி எடுத்துக்கொண்டாள். பழகிய இடத்திலேயே இருக்கட்டும் என்று சித்தி வேலையை மாற்றிக்கொண்டு இந்த ஊருக்கே வந்தாள். சில்வண்டு மறுபடி பள்ளிக்கு வந்தபோது டீச்சரின் தோளில் கட்டுப் பிரித்திருந்தார்கள். வெல்டர் செய்த பலகையை அவள் அலமாரியின் உச்சியில், தாளில் சுற்றி வைத்திருந்தாள். தூக்கி எறியப் போய், ஒவ்வொரு தடவையும் எறியாமல் திரும்பி வந்திருந்தாள்.

குழந்தை மணி கோத்தது, தண்ணீர் ஊற்றியது. தாழ்ப்பாள்கள் பக்கம் போகவில்லை. டீச்சருக்கு மெல்ல மூச்சு வந்தது. பிறகு ஒரு காலையில் வந்து அலமாரி உச்சியைக் காட்டியது.

"அந்தப் பலகை வேணும்."

பிள்ளை கேட்ட பொருளை மறுக்கக் கூடாது என்பதும் விதிதான். அந்த விதியை மட்டும் அன்றைக்கு உடைத்துவிடலாமா என்று நினைத்தாள். கை தானாக மேலே போய்ப் பலகையை இறக்கியது. இருவரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சில்வண்டு சுட்டுவிரலை மடக்கிக்கொண்டு கைப்பிடியைத் தூக்கினாள். இழுத்தாள். இறக்கினாள். பிறகு மூடினாள். மூடிய தாழ்ப்பாளை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கூடத்தில் யாரும் அவளிடம் தப்பு என்று சொன்னதில்லை.

"நான் அன்னிக்கு மூடிட்டேன்ல டீச்சர்" என்றாள்.

பொய் சொல்ல டீச்சருக்கு ஆயிரம் வழி இருந்தது.

"ஆமாம்மா. மூடினே."

"திறந்ததும் விட்டிருக்கணும்."

"அத நான் உனக்குச் சொல்லிக் குடுக்கலடா கண்ணு. மூடினாதான் வேலை முடிஞ்சுதுன்னு நான்தான் காட்டினேன். நீ சரியாத்தான் செஞ்சே. தப்பாக் காட்டினது நான்."

முப்பது பிள்ளைகள் நடுவில் பாயில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சில்வண்டு அழவில்லை. பலகையை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தாள்.

"இப்ப நான் காட்டறேன். நீங்க பாருங்க."

வாயை மூடிக்கொண்டு, நிதானமாக, தூக்கினாள், இழுத்தாள், இறக்கினாள். திறந்தபடியே விட்டுவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு தாழ்ப்பாளைப் பழையபடி ஆக்கி, பலகையை டீச்சர் பக்கம் தள்ளினாள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கினாள். இழுத்தாள். இறக்கினாள். இத்தனை வருஷப் பழக்கம். அவளை அறியாமலே கை திரும்ப மூடப் போனது. குழந்தை அந்த வளைந்த விரலை எட்டிப் பிடித்துக்கொண்டது, விடவில்லை.